ஒல்லாந்துக்காரனுக்குச் சொன்ன சொல்

மருதமுனை
2024 ஆகஸ்ட் 5

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை முழு மனதோடு எழுதவில்லை. எழுதாமல் விட்டால் அந்தக் குற்றம் என் தலையில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

போனில் என் நம்பரை அடைத்து வைத்துவிட்டீர்கள். ஐம்பது வயது ஆம்பிளை, கோவித்துக்கொண்டு போர்வைக்குள் முகத்தை மூடிய பெட்டைப் பிள்ளை மாதிரி. அதனால்தான் இந்தக் கடிதம். தபால் கந்தோரில் முத்திரை விற்கிற பிள்ளை மேல்விலாசத்தைப் பார்த்துவிட்டு, “இறக்காமம் என்ன கடலுக்கு அங்காலயா ராத்தா? பஸ்ஸில ஏறினா போய்ச் சேந்திரலாமே” என்றாள். “ஓம் புள்ள, என்ட புருசன் அங்க வெளிநாட்டு உத்தியோகத்தில இரிக்கார்” என்றேன். “என்ன உத்தியோகம்?” என்று கேட்டாள். வாய் சும்மா இருக்குமா, விளங்கப்படுத்தினேன்.

“நாப்பது வரிசத்துக்கு முன்னால வெள்ளக்காரப் புள்ளைகள் டீவியில கொளுவி விளையாடின கம்ப்யூட்டர் இரிக்கி. இப்ப அந்தப் புள்ளைகள் கிழவனாயிட்டானுகள். கம்ப்யூட்டர்ர கீபோர்டும் மௌத்தாயிட்டு. அதுக்குள்ள கிடக்கிற பிளாஸ்டிக் தாள்ல வெள்ளிக் கோடு வெடிச்சிப் போகுமாம். எங்கட மனுசன் புதுத் தாள் செஞ்சி, ஸ்பிறிங் வச்சி, எழுத்துக் கட்டையப் பூட்டிப் புதுக் கீபோர்டாக் குடுப்பார். கிழவனுகள் அதத் தட்டித் தட்டிச் சிரிப்பானுகள்.” பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “அதுக்குச் சம்பளமும் குடுக்கிறானுகளா?” என்றாள். நல்ல புத்தியுள்ள பிள்ளை.

இப்போது வீட்டுக் கதைக்கு வருகிறேன். வாசல் அறை முழுக்க உங்கள் குப்பை. நீங்கள் மட்டும்தான் இல்லை. காற்றோட்டமாக இருக்கிறது.

ஏன் உங்கள் சேர்ட்டுகளைப் பையில் போட்டுக் கதவுக்கு வெளியே வைத்தேன் என்று ஊரெல்லாம் கேட்கிறது. நீங்களும் உங்கள் கூடப்பிறந்த ராத்தா ஸைனம்பு மதினியிடம் “அவளுக்கு விசர்” என்று சொன்னீர்களாம். விசர்தான். காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அந்த ஒல்லாந்துக்காரன் லெப்டொப்பில் வந்து உங்களோடு பேசிக்கொண்டிருந்தான். மாடியில் காய்ந்த தாள்களை அள்ளிக்கொண்டு நான் உள்ளே வந்தேன். கையெல்லாம் வெள்ளி மை, தலையில் பழைய துண்டு. “ஹூ இஸ் தட்?” என்று அவன் கேட்டான். நீங்கள் திரும்பிப் பார்க்கவுமில்லை. “மெயிட்” என்றீர்கள். பிறகும் ஏதோ சொன்னீர்கள். அது என் காதில் ஏறவில்லை. முதல் சொல்லே காதை அடைத்துவிட்டது.

எனக்கு இங்கிலீசு தெரியாது என்று நினைத்தீர்கள். சரிதான். ஆனால் மச்சான், ஒரு சொல் தெரியும். குவைத்தில் ஆறு வருஷம் என் பெயரே அதுதான். முஸ்பிறா என்பது அவர்கள் வாயில் நுழையவில்லை, மெயிட் நன்றாக நுழைந்தது. மற்றப் பெட்டைகளுக்கு வாப்பாமார் சீதன வீடு கட்டிக் கொடுத்தார்கள். நான் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு உழைத்து, என் சீதன வீட்டை நானே கட்டி, அதற்குள் உங்களை மாப்பிள்ளை எடுத்தேன். அந்த வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு, அதே சொல்லை ஒல்லாந்துவரைக்கும் அனுப்பினீர்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அவனைக் கூப்பிட்டு, நான் பக்கத்தில் நிற்க, “இவ என்ட பொஞ்சாதி” என்று உங்களுக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குள் வாருங்கள். சொல்ல வாய் வராவிட்டால் மதினி வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் பாய் விரிக்கலாம். கோழிகள் இங்கிலீசு கேட்காது.

முஸ்பிறா


இறக்காமம்
2024 ஆகஸ்ட் 9

முஸ்பிறாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதத்தை வாசித்து முடிப்பதற்குள் தலைவலி வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் கடிதம் எழுதுவதைத் தடுக்கச் சட்டம் இல்லாதது இந்த நாட்டின் குறை. தபால் கந்தோரில் ஒரு சின்னப் பிள்ளையிடம் என் தொழிலைப் பற்றிச் சிரித்துப் பேசியிருக்கிறாய். பழைய கணினி ஒன்றை மறுபடி உயிர்ப்பிப்பது என்றால் என்னவென்று உனக்கு விளங்காது, அவளுக்கும் விளங்காது. சந்தையில் கத்தரிக்காய் விலை விளங்கினால் உங்கள் இருவருக்கும் போதும்.

நீ செய்த அவமானத்துக்கு நான் பதில் எழுதவே தேவையில்லை. ஆனால் உன் அறியாமையைப் போக்குவது என் கடமை. கவனமாக வாசி.

ஆங்கிலத்தில் ‘மேட்’ என்று ஒரு சொல் உண்டு. செய்தான், செய்தாள் என்று பொருள். ஒல்லாந்துக்காரர் உன் கையிலிருந்த தாள்களைப் பார்த்துத்தான் கேட்டார். நான் ‘மேட்’ என்று சொன்னேன். அதாவது, இவற்றை இவள் செய்தாள் என்று. உன்னைப் புகழ்ந்திருக்கிறேன். நீ நினைக்கிற சொல்லுக்கும் இதற்கும் வெள்ளைக்காரன் வாயில் உச்சரிப்பு ஒன்று, பொருள்தான் வேறு. படித்தவர்கள் இடம் பார்த்துப் பொருள் எடுப்பார்கள். குவைத்தில் தரை துடைத்தவளுக்கு இரண்டில் ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. அதற்கு நான் என்ன செய்வது?

ஒரு வெளிநாட்டு வியாபாரியிடம் போய் “இவள் என் மனைவி” என்று விளம்பரம் செய்யச் சொல்கிறாய். அவர் கீபோர்ட் வாங்குகிறவர், நிக்காஹ் எழுதுகிறவர் அல்ல.

கணவனைக் கதவுக்கு வெளியே நிறுத்திய பெண்ணைப் பற்றிக் குடும்ப வழக்கு விசாரிக்கிற காழியார் என்ன சொல்வார் என்பதையும் யோசித்துக்கொள். அவருக்குக் கொடுக்கவேண்டிய முறைப்பாட்டை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். பேப்பரில் எழுதுவதுதான் மிச்சம். நம் மகன் கட்டாரில் இருந்து கேட்டால் என்ன சொல்வாய் என்றும் யோசி.

ஒக்டோபரில் ஒல்லாந்துக்காரரின் சங்கம் கண்காட்சி வைக்கிறது. அதற்கு முன் கீபோர்டுகள் போய்ச் சேராவிட்டால் அந்த ஆள் இனி நம் பக்கம் திரும்பமாட்டார். ஆகவே வலை கட்டிய அச்சடிக்கும் சட்டம், வெள்ளி மை, ரப்பர் கட்டை, பிளாஸ்டிக் தாள்கள் எல்லாவற்றையும் அர்ஷாத்தின் ஓட்டோவில் ஏற்றி அனுப்பு. இங்கிருந்தே அடிப்பேன். கோடுகளை வரைந்தவன் நான். நீ செய்ததெல்லாம் அந்தக் கட்டையால் மையை ஒரு இழுப்பு இழுத்தது. அப்பக் கல்லுக்கு எண்ணெய் தடவுகிற அளவு வேலை.

முகைதீன்பாவா


மருதமுனை
2024 ஆகஸ்ட் 14

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆகிலா டீச்சரிடம் போனேன். குவைத்தில் தரை துடைத்த பகுதியை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு காட்டினேன்.

“டீச்சர், இப்புடி ரெண்டு சொல் இரிக்கா?”

“இரிக்கி ராத்தா. ஒண்டு வேலக்காரி, மத்தது செஞ்ச எண்டு. ரெண்டும் வாயால சொல்லக்குள்ள ஒண்டுதான். எழுதினாத்தான் வித்தியாசம்.”

“அப்ப ஒரு ஆள் சொன்னா எதச் சொன்ன எண்டு எப்புடித் தெரியிற?”

“அது சொன்ன ஆளுக்குத்தான் தெரியும்.”

நல்ல பாஷை! வேலை செய்தவளுக்கும் வேலைக்காரிக்கும் ஒரே சத்தம் வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். அவனுக்குத் தோதாகத்தான் வைத்திருப்பான்.

பொய் சொல்லக்கூடாது. வீட்டுக்கு வந்து மீன் கழுவும்போது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனுசன் மெய்யாகவே புகழ்ந்திருந்தால்? நான் அநியாயமாகச் சேர்ட்டுகளை வெளியே போட்டிருந்தால்? கொஞ்ச நேரம் வெட்கமாகவும் இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் ஆக்கிய கறியைப் பற்றி ‘உப்புக் குறைவு’, ‘உப்புக் கூட’ என்ற இரண்டைத் தவிர உங்கள் வாயில் மூன்றாவது வார்த்தை வந்ததில்லை. என் முகத்துக்கு நேரே புகழாத மனுசன் ஒல்லாந்துக்குப் போய்ப் புகழ்ந்தாராம்.

ஆனாலும் பாதி நம்புகிறேன். மற்றப் பாதியை நம்புவதற்கு வழி உங்களிடம்தான் இருக்கிறது. என்னைத்தான் புகழ்ந்தீர்கள் என்றால் அதே புகழை அவனிடம் இன்னொரு தடவை சொல்வதில் என்ன கஷ்டம்? பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்: முஸ்பிறா, பொஞ்சாதி, மேட். மூன்றே சொல். மூச்சு வாங்காது.

காழியாரிடமும் போங்கள், நான் மறிக்கவில்லை. “என்ன பிணக்கு?” என்று கேட்பார். “பொஞ்சாதியப் புகழ்ந்தன், வீட்டால துரத்திட்டாள்” என்று சொல்லுங்கள். பாவம், நாள் முழுக்க அடுத்தவன் சண்டையைக் கேட்கிற மனுசன். அவரும் ஒரு நாளைக்குச் சிரிக்கட்டும்.

சாமான்களை அனுப்பியிருக்கிறேன். அர்ஷாத் ஓட்டோவில் ஏற்றும்போது, “இது என்ன ராத்தா, தறியில நெய்யிற சாரனுக்கு லேபல் அடிக்கிற சட்டமா?” என்று கேட்டான். “ஓம், இப்ப ஒல்லாந்துக்காரன்ட கம்ப்யூட்டருக்குச் சாரன் கட்டுறம்” என்றேன். மையைச் சூட்டில் வைக்கவேண்டாம். தாளைத் துணியால் துடைக்கவேண்டாம், நூல் ஒட்டும். கட்டையை ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். இடையில் நின்று யோசித்தால் மை கட்டிவிடும். நீங்கள் யோசிக்கிற ஆள் என்பதுதான் எனக்குப் பயம். அப்பக் கல் ஞாபகமிருந்தால் போதும்.

முஸ்பிறா


இறக்காமம்
2024 ஆகஸ்ட் 27

முஸ்பிறாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

நீ அனுப்பிய சட்டத்தின் வலை தளர்ந்துபோயிருக்கிறது. உன் கவனயீனம். அது போதாதென்று இங்கே அறுவடை நடக்கிறது. நெல் வெட்டுகிற மெஷின் வளவுக்குப் பின்னால் ஓடுகிறது. பதர்த் தூசு வந்து ஈர மையில் உட்கார்ந்து, ஒரு கோடு அடுத்த கோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு எழுத்தைத் தட்டினால் மூன்று எழுத்து வருகிறது. தட்டாத எழுத்தும் வருகிறது. ஒன்று மட்டும் நன்றாக வந்தது. அதை ஸைனம்பு ராத்தா தயிர்ச் சட்டிக்கு மூடியாக்கிவிட்டார். கேட்டதற்கு, “நல்ல வழுவழுப்பாக் கிடந்திச்சி தம்பி, மழைத் தண்ணிகூட இறங்காது” என்கிறார். எப்படிப்பட்ட மனிதர்களுக்கு நடுவில் இருந்து நான் இந்த வேலையைச் செய்கிறேன் என்பதை யாராவது எழுதி வைக்கவேண்டும்.

ஆகவே சட்டத்தையும் மையையும் அதே ஓட்டோவில் திருப்பி அனுப்புகிறேன். நீ அங்கேயே அடித்து, காயவைத்து, ஸ்பிறிங், எழுத்துக் கட்டைகள், கீபோர்டின் வெளி ஓடுகள் எல்லாவற்றோடும் சேர்த்து இங்கே அனுப்பு. பூட்டிச் சோதிப்பது என் வேலை. இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. தொழில் அவசரம்.

ஒல்லாந்துக்காரரிடம் பேசச் சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறாய். அது நடக்காது. அந்த ஆள் என்னை ஒரு நிறுவனம் என்று நினைத்துப் பேசுகிறார். குடும்பக் கதையை அவர் மேசையில் கொண்டுபோய்ப் போடமுடியாது. ஒரு சொல்லுக்கு உள்ள பொருளைச் சொல்லிவிட்டேன். படித்த பெண் என்றால் அதோடு விட்டிருப்பாள்.

இன்னொன்று. லெப்டொப் அங்கே திறந்து கிடக்கிறது. அவர் இடைக்கிடை கூப்பிடுவார். அடித்தால் நீ தொடாதே. உன் இங்கிலீசைக் கேட்டால் அவர் வேறு ஆள் தேடுவார். மூடி வை.

காழியாருக்கு எழுதியாயிற்று. என் சட்டைப் பையில் இருக்கிறது. அது அங்கேயே இருப்பதும் வெளியே வருவதும் உன் நடத்தையைப் பொறுத்தது.

முகைதீன்பாவா


மருதமுனை
2024 செப்டெம்பர் 2

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

லெப்டொப் அடித்தது. தொட்டேன்.

முதலில் தாடி மட்டும் தெரிந்தது. பிறகு மூக்கு வந்தது. பிறகு மிச்ச மனுசன் வந்தான். “மிஸ்டர் பாவா?” என்றான். “பாவா நோ. பாவா கோ இறக்காமம்” என்றேன். இறக்காமத்தை ஏதோ பெரிய பட்டணம் என்று நினைத்துத் தலையாட்டினான். உங்கள் மதிப்பு ஒரு படி ஏறிவிட்டது. சந்தோசப்படுங்கள்.

அன்று அடித்த தாள் ஒன்று கையில் இருந்தது. நல்ல தாள். ஒரு கோடும் பிசகவில்லை. அதை அவனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, நெஞ்சில் கை வைத்து, “மீ மேட்” என்றேன். நீங்கள் படிப்பித்த சொல்தான். அவன் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து, “யெஸ், யெஸ், ஐ நோ, மெயிட்” என்றான்.

அங்கேயும் முட்டிக்கொண்டது பாருங்கள். அவனும் எதைச் சொல்கிறான் என்று விளங்கவில்லை. இப்படியே இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தால் கியாமத்து நாள்வரை விடிவில்லை என்று நினைத்தேன். அவனே விடிய வைத்தான். எனக்கு விளங்கட்டும் என்று, கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, உடைத்து உடைத்துச் சொன்னான்: “மோர்னிங், யூ கம். ஈவ்னிங், யூ கோ. மிஸ்டர் பாவா டோல்ட் மீ. வெரி குட் மெயிட். வெரி கிளீன்.”

குவைத்தில் பொறுக்கிய என் அரைகுறை இங்கிலீசுக்கு இது தாராளமாக விளங்கும். காலையில் வருகிறவள், பின்னேரம் போகிறவள். அன்றைக்கு முதல் சொல்லுக்குப் பிறகு என் காதில் ஏறாமல் போனது இதுதான். மேட் காலையில் வந்து பின்னேரம் போகாது மச்சான். அதற்கு எந்த டீச்சரிடமும் கேட்கத் தேவையில்லை.

கட்டிய பொஞ்சாதியை வேலைக்காரி என்று சொன்னதுகூடப் பரவாயில்லை. வாய் தவறியது என்று விட்டிருப்பேன். அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசித்து, எனக்கு நேரமும் வைத்து, பின்னேரமானால் என்னை என் வீட்டைவிட்டு அனுப்பியும் வைத்தீர்களே, எங்கே மச்சான் அனுப்பினீர்கள்? இரவில் நான் எங்கே போய்ப் படுக்கிறதாக அந்தக் கிழவன் நினைத்துக்கொண்டிருந்தான்? பிறகு அதை மறைக்க இங்கிலீசில் ஓட்டை தேடி, என் அறியாமையைப் போக்கக் கடிதமும் எழுதினீர்கள். நான் பாதியை நம்பி மீன் சட்டிக்கு முன்னால் வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்களுடையது.

அழுதேனா என்று கேட்கவேண்டாம். பக்கத்தில் ஈரத் தாள் கிடந்தது. அதில் சொட்டு விழுந்தால் கோடு பரவும்.

அவனிடம் சொன்னேன்: “நோ மெயிட். வைஃப். திஸ் ஹவுஸ், மை ஹவுஸ்.” கிழவன் கண்ணாடியைக் கழற்றினான். போட்டான். மறுபடி கழற்றினான். முகம் இறால் அவித்த மாதிரி ஆகிவிட்டது. “சொறி மேடம், சொறி மேடம்” என்றான். மேடத்துக்குள்ளும் ஒரு மேட் இருக்கிறதே என்று ஒரு நிமிசம் எனக்கே பயம்.

பிறகு மெதுவாகக் கேட்டான்: “தென்... மிஸ்டர் பாவா?”

அப்படியென்றால் பாவா யார் என்று கேட்கிறான். நான் யோசிக்கவே இல்லை.

“மெயிட்” என்றேன். “மோர்னிங் கம். ஈவ்னிங் கோ.”

கோபப்படவேண்டாம் மச்சான். நான் சொன்னது மேட். செய்தவர் என்று பொருள். உங்களைப் புகழ்ந்திருக்கிறேன். படித்தவர்கள் இடம் பார்த்துப் பொருள் எடுப்பார்கள்.

அவன் வேறு ஆள் தேடவில்லை. கீபோர்டுகளைக் கண்காட்சிக்கு அனுப்பச் சொன்னான், இன்னும் வேண்டும் என்றும் சொன்னான். தாள்கள் அடித்துக் காய்ந்துவிட்டன. உப்புக் காற்றில் கோடு கறுக்காமல் இருக்க வறுத்த அரிசி போட்ட தகரத்துக்குள் மூடி வைத்திருக்கிறேன். ஓட்டோவில் ஒன்றும் வராது. தகரம் இந்த வீட்டைவிட்டு வெளியே போகாது.

கோடு வரையவும் பூட்டிச் சோதிக்கவும் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதில் பொய் சொல்லமாட்டேன். அதனால் வேலைக்கு வரலாம். நேரம் அவனுக்கு நீங்கள் சொன்ன நேரம்தான், காலையில் வந்து பின்னேரம் போவது. இரவு தங்க இடமில்லை. காழியாருக்கு எழுதியதைக் கொடுப்பதென்றால் கொடுங்கள். அவர் கூப்பிட்டால் வருவேன். லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு வருவேன், தாடிக்காரன் வந்து சாட்சி சொல்லட்டும்.

முஸ்பிறா


இறக்காமம்
2024 செப்டெம்பர் 6

முஸ்பிறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் கிடைத்தது.

காழியாருக்கு எழுதியிருந்த பேப்பரைச் சட்டையோடு சேர்த்து ராத்தா தோய்த்துவிட்டார். இன்னொன்று எழுதுவதாக இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து விடியல் பஸ்ஸில் வருகிறேன். பின்னேரம் கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிடுவேன். ஓடுகளுக்குத் திருகாணி போதாது. வரும் வழியில் கல்முனையில் வாங்கி வருவேன்.

பகல் சாப்பாடு நீங்கள் தருவீர்களா, அல்லது நான் கட்டிக்கொண்டு வரவேண்டுமா என்பதைத் தயவுசெய்து அறியத்தரவும். ராத்தாவிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

போனில் உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன்.

முகைதீன்பாவா


மருதமுனை
2024 செப்டெம்பர் 7

மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

தபால் பிந்தும், இதை அர்ஷாத்தின் கையில் அனுப்புகிறேன். கட்டிக்கொண்டு வாருங்கள். தண்ணீர் தரலாம்.

முன்கதவைத் தட்டவேண்டாம். குவைத்தில் எனக்குப் பின்கதவுதான். திங்கட்கிழமை விடியவே அதைத் திறந்து வைப்பேன்.

முஸ்பிறா